கண்ணாடியாகிப் போன சிலிண்டர்: கோழிப்பண்ணை டீசல் இன்ஜின் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

நாமக்கல் பக்கம் என் மைத்துனர் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறார். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளில் சுமார் 16 மணி நேர வெளிச்சம் தேவை என்பதால், விடியலுக்கு முன்பும் இருட்டிய பின்பும் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் உதவுவதற்காக அங்கே ஒரு பழைய பாணி டீசல் இன்ஜின் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று; பெல்ட் வழியாக 3 கிலோவாட் ஆல்டர்னேட்டர் ஒன்றைச் சுற்றும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் நிறுவனம் செய்துவந்த சி.எஸ். வகை இன்ஜினின் நகல் இது. இத்தகைய நகல்கள் பெரும்பாலும் குஜராத்தின் ராஜ்கோட்டில் செய்யப்படுபவை. சிலிண்டரின் விட்டம் 114.3 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 139.7 மி.மீ. நூற்றுக்கணக்கான கிலோ வார்ப்பிரும்பைச் சேர்த்துக் கட்டிய இந்த வகை இன்ஜின் எளிதில் சாகாது என்பது ஊரறிந்த செய்தி. சாகாது என்றாலும் நோய்ப்படும்.

முதலில் கண்ணில் பட்டது எண்ணெய்ச் செலவுதான். முன்பெல்லாம் இரண்டு எண்ணெய் மாற்றங்களுக்கு நடுவே அரை லிட்டர் ஊற்றினால் போதுமாயிருந்த இன்ஜின், இப்போது 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் கேட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை வந்து, சில நிமிடங்களில் குறைந்தாலும் முழுவதும் நிற்கவில்லை. சைலன்சர் இணைப்பில் கறுப்பாக, தார் போல ஒரு கசிவு வழிந்து சுவரில் கோடு போட்டிருந்தது. கிராங்க் கேஸ் எனப்படும் அடிப்பெட்டியின் கதவு கேஸ்கெட்டிலும் ஃப்ளைவீல் பக்கத்திலும் எண்ணெய் துளிர்த்தது. இந்த இன்ஜினில் பிரீத்தர், அதாவது அடிப்பெட்டியின் காற்றுப்போக்கி, மெல்லிய தகடு வைத்த ஒருவழி வால்வு. உள்ளே எப்போதும் இலேசான வெற்றிடம் நிலவும்படி அது பார்த்துக்கொள்வதால்தான், முறையான சீல் இல்லாத தண்டு முனைகளில்கூட எண்ணெய் வெளியேறாமல் நிற்கிறது. அங்கே கசிவு தொடங்கினால், பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து, ஹேண்டிலைப் போட்டு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “லைனர் கண்ணாடியாட்டம் ஆயிப்போச்சுங்க, கிட்டையே மாத்திப்போடுங்க” என்று சொல்லிப் போய்விட்டார். லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்; கிட் என்பது லைனரும் பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்த தொகுதி. அவர் சொன்ன நோய் சரி. மருந்தைப் பற்றித்தான் எனக்கு ஐயம் இருந்தது. ஏனென்றால் லைனரும் பிஸ்டனும் மாற்றி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, ஓடிய நேரமோ 700 மணிக்குள்தான். நிதானமாகச் சுழலும் இந்த இன்ஜினில் அவ்வளவு நேரத்தில் லைனர் தேய்ந்து தீர்வதற்கு வழியில்லை.

எனவே பிரிப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்தேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது டீசலை அடைத்து, டீகம்பிரஷன் லீவரை (வால்வைத் திறந்துவைத்து காற்று அமுங்காமல் விடும் பிடியை)த் தூக்கிவைத்து ஹேண்டிலால் சுழற்றி, லீவரை விட்டேன். நல்ல நிலையில் இருந்தால் பிஸ்டன் மேலேறும்போது காற்று தடுத்து, ஃப்ளைவீலைப் பின்னுக்குத் தள்ளும். இங்கே ஃப்ளைவீல் ஒரு கணம் தயங்கி, சீறும் ஒலியோடு தாண்டிப் போயிற்று. அந்தச் சீறல் பிரீத்தர் பக்கத்திலிருந்து வந்ததே தவிர, ஏர் ஃபில்டரிலிருந்தோ சைலன்சரிலிருந்தோ வரவில்லை. வால்வு ஒழுகினால் ஒலி அந்த இரண்டு வழிகளில் ஒன்றில் கேட்டிருக்கும். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்வால்வு திறந்திருக்கும் நிலையில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை விட்டு மறுபடி சுழற்றியபோது, தடுப்பு நன்றாகவே திரும்பியது. எண்ணெய் ஊற்றியதும் கம்பிரஷன் கூடினால் குறை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் என்ற வளையத்திலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையில் அளவு மீறி எண்ணெய் ஊற்றிவிடக் கூடாது. நீர்மம் அமுங்காது என்பதால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அடிபடும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, இளம் வயது லைனர் ஏன் இப்படி ஆனது என்பது. மைத்துனரிடம் பேசப் பேச மூன்று செய்திகள் வெளிவந்தன. முதலாவது, லைனர் மாற்றிய பட்டறையில் ரன்னிங்-இன், அதாவது புதிய பாகங்களைப் பழக்கும் ஓட்டம், என்ற பெயரில் இன்ஜினைச் சுமையே இல்லாமல் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, குளிர்விப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுக் குழாயிலிருந்தே நேரடியாகத் தண்ணீர் கொடுத்து, வெளியேறும் தண்ணீரைத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். கைவைத்துப் பார்த்தேன், வெளியேறும் நீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. மூன்றாவது செய்தியைச் சிக்கனத்தின் பெருமையாகவே அவர் சொன்னார்: முன்பு கொட்டகையில் எரிந்த 40 குண்டு பல்புகளையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டுவிட்டாராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 வாட் பல்பு 40 என்றால் 2,400 வாட். 9 வாட் எல்.இ.டி. 40 என்றால் 360 வாட். ஆல்டர்னேட்டரிலும் பெல்ட்டிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தாலும் இன்ஜினின் தண்டில் விழும் சுமை அரைக் கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். 6 குதிரைத்திறன் என்பது கிட்டத்தட்ட 4.5 கிலோவாட். ஆக, முன்பு தன் வலுவில் முக்கால் பங்குக்கு உழைத்த இன்ஜின், இப்போது ஒன்பதில் ஒரு பங்குச் சுமையோடு மணிக்கணக்கில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. விளக்கில் மிச்சம் பிடித்தது லைனரில் போயிற்று.

சுமை குறைந்தால் இன்ஜினுக்கு ஓய்வுதானே என்று தோன்றும். டீசல் இன்ஜினுக்கு அது பொருந்தாது. பிஸ்டன் ரிங் தன் சொந்த விறைப்பால் சுவரில் அழுந்துவது சிறிதளவுதான். எரியும் வாயு ரிங்கின் மேல் இடுக்கு வழியாகப் புகுந்து, அதன் முதுகுப்புறம் நின்று வெளியே தள்ளுவதால்தான் மேல் ரிங் சுவரை இறுகப் பிடிக்கிறது. டீசலில் காற்றை அமுக்கும் அழுத்தம் எந்தச் சுமையிலும் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், எரிந்த பிறகு எழும் அழுத்தமும் அது நீடிக்கும் நேரமும் சுமையோடு சேர்ந்தே குறைகின்றன. அதனால் குறைந்த சுமையில் ரிங் சுவரின் மேல் மிதந்து போகிறது. எரியறையின் சூடும் போதாததால் டீசல் முழுமையாக எரியாமல், அரைகுறையாக எரிந்த மிச்சம் ரிங்கைத் தாண்டிச் சுவரில் படிந்த எண்ணெயோடு கலக்கிறது. ஹோனிங் செய்யும்போது, அதாவது சுழலும் கல்லால் உட்சுவரைத் தேய்க்கும்போது, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய நுண்ணிய பள்ளங்கள்தான் எண்ணெயைத் தாங்கி நிற்கும் இடம். அந்தப் பள்ளங்களில் இந்தக் கலவை தேங்கி, மெதுவாக வெந்து, வார்னிஷ் போல இறுகுகிறது. பள்ளம் அடைபட்ட சுவரில் எண்ணெய் நிற்பதற்கும் இடமில்லை, ரிங் பதிவதற்கும் வழியில்லை. பிறகு எண்ணெய் மேலே ஏறுகிறது, ஏறிய எண்ணெய் கரியாகிறது, கரி ரிங்கின் பள்ளத்தை அடைக்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

சுவர் இப்படி மெருகேறுவதில் இரு வகை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மேலே சொன்னது படிவால் வருவது. மற்றொன்று, பள்ளங்களின் மேடுகள் தேய்ந்தே போய்ச் சுவர் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பது. பிஸ்டனின் தலைப்பகுதியில் இறுகிய கரி, உப்புத்தாள் போலச் சுவரை உரசுவதால் இது பெரும்பாலும் வரும். முதல் வகையைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், இன்ஜினைப் பிரிக்காமலே சுமையேற்றிக் குணப்படுத்த முடியும். இரண்டாவது வகையில் சுவரைத் திரும்பக் கீறியே ஆக வேண்டும்.

செலவில்லாத வழியை முதலில் முயன்றேன். ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, 1 கிலோவாட் ஹீட்டர் கம்பிகள் இரண்டையும், தனியே ஒரு 500 வாட் ஹாலஜன் விளக்கையும் ஆல்டர்னேட்டரில் இணைத்து, நான்கு மணி நேரம் ஓட்டினேன். முதல் அரை மணியில் சைலன்சர் துப்பிய கரியையும் கிளம்பிய புகையையும் பார்த்து மைத்துனர் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தித் தொடர்ந்து ஓட்டியதில் புகை படிப்படியாகக் குறைந்து, இறுதியில் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு வந்தது. ஆனால் அடுத்த வாரத்து எண்ணெய்க் கணக்கில் ஏற்பட்ட முன்னேற்றம் அற்பமாகவே இருந்தது. மேற்கரி எரிந்திருக்கிறது, சுவர் மாறவில்லை என்று முடிவு செய்து பிரிக்கத் துணிந்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் காற்றுக் குழாயில் பாத்திரம் துலக்கும் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் மெருகு போய்விடும் என்று ஒரு பழைய வைத்தியம் உலவுகிறது. மெருகு போகலாம், கூடவே வால்வு இருக்கைகளும் ரிங் பள்ளங்களும் போகும். எண்ணெயில் இறங்கிய பொடி பேரிங் வரைக்கும் பயணம் செய்யும். எவ்வளவு அவசரமானாலும் அதை நான் செய்ய மாட்டேன்.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் நிலைமை தெளிவாயிற்று. ரிங் ஏறி இறங்கும் பகுதியின் மேல் பாதியில் கட்டங்காப்பி நிறத்தில் ஒரு படலம். அதன் கீழ்ப்பாதி வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளப்பு. ரிங் எட்டாத அடிப்பகுதியில் மட்டும், பட்டறையில் போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தால் அடிப்பகுதியில் நகம் தட்டித் தட்டிப் போயிற்று, மேற்பகுதியில் வழுக்கியது. மண்ணெண்ணெய் நனைத்த துணிக்கு அந்தக் காப்பி நிறம் அசையவே இல்லை. தின்னர் கொண்டு நெடுநேரம் தேய்த்த பின்புதான் துணியில் கறை ஏறியது. எண்ணெய் ரிங்கின் துளைகள் பாதி அடைந்திருந்தன. மேல் ரிங்கின் முகத்தில் பளபளப்பு முழுச் சுற்றுக்கும் இல்லாமல் திட்டுத் திட்டாக இருந்தது, அதாவது அது ஒருநாளும் சுவரில் முழுமையாகப் பதியவே இல்லை. பட்டறையில் சுமையின்றி ஓட்டிய அந்த முதல் நாளிலேயே நோய் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

லைனர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் என்னிடம் இல்லை. அதற்குப் பதில் ஒரு புதிய ரிங்கும், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ரிங்கின் வெட்டுவாய் இடைவெளியை அளந்தேன்: தேய்மானமில்லாத அடிப்பகுதியில் 0.41 மி.மீ., ரிங் திரும்பும் மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே 0.56 மி.மீ. சுற்றளவின் வேறுபாட்டை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு கிடைத்துவிடும். 0.15-ஐ 3.14-ஆல் வகுக்க, விட்டத்தில் தேய்மானம் 0.05 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. இந்த அளவு விட்டமுள்ள சிலிண்டருக்கு இது ஒன்றுமே இல்லை. கிட் மாற்றும் செலவு தேவையில்லை என்பது அப்போது உறுதியாயிற்று.

இதில் சிலிண்டர் தனி வார்ப்பு என்பதால், அதை அடிப்பாகத்திலிருந்து தூக்கி மேசைக்குக் கொண்டுவர முடிந்தது. அப்படிப் பிரிக்க முடியாத இன்ஜின்களில் கிராங்க் பின்னை (கனெக்டிங் ராடு பொருந்தும் தண்டுப்பகுதியை) எண்ணெய்த் துணியால் நன்றாக மூடிக்கொண்டுதான் உள்ளே கருவியை விட வேண்டும். மூன்று கல் வைத்த ஹோன் ஒன்றை, 220 எண் சிலிக்கான் கார்பைடு கல்லோடு இரவல் வாங்கி, வீட்டு டிரில் மெஷினில் மாட்டினேன். இங்கே ஒரு தவறு செய்தேன். டிரில்லின் வேகத்தைப் பற்றி யோசிக்காமல், மண்ணெண்ணெயில் சிறிது இன்ஜின் எண்ணெய் கலந்து ஊற்றிக்கொண்டே பத்து விநாடி ஓட்டிப் பார்த்தபோது, சுவரில் குறுக்குக் கோடுகளுக்குப் பதிலாக, திருகின் மரை போலக் கிடைமட்டமாக நெருக்கமான கோடுகள் விழுந்திருந்தன.

காரணம் எளிமையானது. சிலிண்டரின் உட்சுற்றளவு 359 மி.மீ. டிரில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், கல் விநாடிக்கு ஏறக்குறைய 4.8 மீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது. என் கை அதை மேலும் கீழும் இழுக்கும் வேகமோ விநாடிக்கு 35 அல்லது 40 செ.மீ.தான். அப்படியிருக்க, கோட்டின் சாய்வு நான்கைந்து டிகிரியைத் தாண்டாது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம் 45 டிகிரி அளவில் அமைய வேண்டுமானால், கையின் வேகம் கல்லின் பக்கவாட்டு வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். கையை அதற்கு மேல் விரைவுபடுத்த இயலாது என்பதால் டிரில்லைத்தான் மெதுவாக்க வேண்டும். கட்டட வேலைக்குப் பெயிண்ட் கலக்கும் மெதுவான டிரில் ஒன்றைக் கொண்டுவந்து, சக்கில் சுண்ணாம்புக் குறி போட்டு எண்ணி, பத்து விநாடிக்கு 25 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 150 சுற்று வரும்படி விசையைப் பிடித்துக்கொண்டேன். சுமார் கால் மீட்டர் நீளச் சிலிண்டரில் ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று எனத் தனித்தனியே எண்ணி இரண்டு விநாடிக்கு மூன்று வீச்சு என்ற கணக்கில் ஓட்டியபோது, கோடுகள் வைரக்கட்டமாக விழத் தொடங்கின. சாய்வு மிகக் குறைந்தால் எண்ணெய் தேவைக்கு மேல் தங்கி ரிங்கும் தடதடக்கும், மிகக் கூடினால் எண்ணெய் நிற்காமல் கீழே வழிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு பாடு.

கல் சிலிண்டரின் முனைக்கு வெளியே ஒரு செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் வாய்ப்பகுதி மணி போல விரிந்துவிடும். சுழலும்போதே கல்லை வெளியே இழுக்க வேண்டும், நிறுத்திவிட்டு இழுத்தால் நேர்க்கீறல் விழும். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தித் துடைத்துப் பார்த்து, மொத்தம் ஒன்றரை நிமிட வேலையில் காப்பி நிறம் முழுவதும் போய், சுவர் சீரான சாம்பல் நிறத்துக்கு வந்தது. மரை போல விழுந்த முதல் கோடுகளின் சுவடு ஓரிரண்டு இடத்தில் மிஞ்சியது. அதை ஒழிப்பதற்காக லைனரை மேலும் குடைவது அறிவல்ல என்று விட்டுவிட்டேன். ரிங்கை வைத்து மறுபடி அளந்தபோது இடைவெளி 0.03 மி.மீ. மட்டுமே கூடியிருந்தது, அதாவது விட்டத்தில் போனது ஏறக்குறைய 0.01 மி.மீ.

பலர் கெடுத்துக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். ஹோன் செய்த சுவரைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் எண்ணெய்தான் போகும், கல்லின் துகள் பள்ளத்திலேயே தங்கிவிடும். சுடுநீரில் சோப்புத்தூளைக் கரைத்து, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்துப் பார்த்தேன். நான்கு முறை கழுவியும் சாம்பல் கறை ஏறிக்கொண்டே இருந்தது, ஆறாவது முறைதான் துணி வெள்ளையாகவே திரும்பியது. ஈரம் காய்வதற்குள் வார்ப்பிரும்பில் துரு பூத்துவிடும் என்பதால், துடைத்த கையோடு எண்ணெய் பூசிவிட்டேன்.

பழைய ரிங் ஒன்றை உடைத்து, அதன் முனையால் பிஸ்டன் பள்ளங்களைச் சுரண்டினேன். தலைப்பகுதியின் கரியையும் முழுவதும் எடுத்தேன். புதிய ரிங்குகளாகச் சாதாரண வார்ப்பிரும்பு வகையையே வாங்கினேன். இவை சுவரோடு விரைவில் பழகும். டீசலைத் தெளிக்கும் நாசிலை டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சோதித்ததில், தெளிப்பு முடிந்த பிறகும் நுனியில் சொட்டு நிற்பது தெரிந்தது. அப்படி ஒழுகும் டீசல் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், எனவே நாசிலையும் மாற்றினேன். பூட்டுவதில் சொல்வதற்குப் புதிதாக எதுவுமில்லை: ரிங் வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்று வராமல் பிரித்து வைத்து, ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டில் படிப்படியாக இறுக்கினேன்.

முதல் ஓட்டத்துக்கு விலையுயர்ந்த செயற்கை எண்ணெயோ, உராய்வைக் குறைக்கும் சேர்மானமோ ஆகாது. ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று சிறிது தேய்த்துக்கொண்டால்தான் பதியும், வழுக்கிப் போனால் பதியாது. சாதாரண எஸ்.ஏ.இ. 30 கனிம எண்ணெயை ஊற்றி ஸ்டார்ட் செய்து, எண்ணெய் தெறிப்பதையும் தண்ணீர் ஓடுவதையும் பார்த்த ஐந்து நிமிடத்திலேயே ஒரு ஹீட்டர் கம்பியைப் போட்டேன். அரை மணி கழித்து இரண்டாவதையும் போட்டேன். பிறகு கால் மணிக்கு ஒருமுறை சுமையைக் குறைத்தும் கூட்டியும் நான்கு மணி நேரம் ஓட்டினேன். முதல் பத்து மணி நேரம் கழிந்ததும் எண்ணெயை மாற்றினேன். வடித்த எண்ணெயில் மெல்லிய சாம்பல் மினுமினுப்பு இருந்தது, அது ரிங் பதிந்ததற்கு அடையாளம்.

குளிர்விப்பில், கிணற்று நீரை நிறுத்திவிட்டு 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றை உயரமாக வைத்து, சூடான நீர் தானே மேலேறி ஆறிய நீர் கீழிறங்கும்படி குழாய் இணைத்தோம். இப்போது சுமையோடு ஓடும்போது ஹெட்டிலிருந்து வரும் நீர் 70 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் தண்ணீர் மோட்டாரை இன்ஜின் ஓடும் நேரத்திலேயே போடுவது என்று வழக்கத்தை மாற்றினோம். விளக்கோடு சேர்த்தால் அது இன்ஜினின் வலுவில் ஐந்தில் இரண்டு பங்குச் சுமை. வாரம் ஒருமுறை முட்டைத் தட்டுகளைக் கழுவச் சுடுநீர் வேண்டியிருப்பதால், அன்றைக்கு ஹீட்டர் கம்பி ஒன்றையும் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் மூன்றில் இரண்டு பங்குச் சுமையில் ஓட்டுகிறோம். சிறிய ஜெனரேட்டர் ஒன்றை விளக்குக்கு மட்டும் வாங்குவதே நேர்த்தியான தீர்வு என்பது என் கருத்து. மைத்துனர் இன்னும் அதற்கு இசையவில்லை.

பண்ணையின் குறிப்பேட்டில் ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய் ஆகிய இரண்டோடு சுமையைக் காட்டும் ஆம்பியருக்கென மூன்றாவது ஒரு கட்டத்தையும் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை 140 மணி ஓடியிருக்கிறது. ஊற்றிய எண்ணெய் கால் லிட்டருக்கும் குறைவு. காலைப் புகை ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று அடிகளோடு நின்றுவிடுகிறது. ஃப்ளைவீல் பக்கத்துத் தண்டு முனையில் மட்டும் இன்னும் ஒரு துளி தங்குகிறது. பிரீத்தரின் தகடு வளைந்திருக்க வேண்டும், அடுத்த முறை போகும்போது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.